வழிமொழிந்தவர்: பெர்சிஸ்

வடகரைப்பேட்டை நகர்மன்றத்தின் தீர்மானப் பதிவேட்டில் ஒரு வரி இருக்கிறது: "வழிமொழிந்தவர்: திருமதி பெர்சிஸ், 19-வது வார்டு." நீல மையில், கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. எழுதியது நான்தான். பெயர் அப்பாத்துரை, மன்றப் பிரிவு எழுத்தராக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றேன். கவுன்சிலர்களைப் பற்றி என்னிடம் கேட்டால் நல்லபடியாகச் சொல்ல அதிகம் இருக்காது. என் வாய் அப்படி. இந்த அம்மாளைப் பற்றி மட்டும் எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. பாதி அவர்மேல் உள்ள மரியாதைக்காக. பாதி, அந்த வரியை எழுதிய குற்றத்துக்காக.

வண்ணார்பேட்டையில் பஸ் ஏறினால் தாமிரபரணி ஆற்றோரமாகவே அரை மணி நேரத்தில் எங்கள் ஊர் வந்துவிடும். பெர்சிஸின் அப்பா தேவசிகாமணி, பாளையங்கோட்டையில் ஒரு பள்ளி விடுதியில் சமையல்காரர். இருநூறு பிள்ளைகளுக்குச் சாம்பார் வைத்தவர். மகளைப் பன்னிரண்டாம் வகுப்பும், தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சும் படிக்க வைத்தார். அரசு பஸ் ஓட்டுகிற ஜாபேஸைக் கட்டிக்கொண்டு, பெர்சிஸ் எங்கள் ஊர் ஆற்றங்கரைத் தெருவுக்குக் குடிவந்தபோது இருபத்திரண்டு வயது.

பக்கத்து வீட்டில் பீடி சுற்றுகிற ஒரு விதவைக்கு உதவித்தொகை நின்றுபோயிற்று. அலுவலகம் அலுவலகமாக அலைந்தும் நடக்கவில்லை. பெர்சிஸ் ஒரு மனு எழுதி, மனு நாளான திங்கட்கிழமை அந்தப் பெண்ணைக் கொக்கிரகுளத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கலெக்டர் கையிலேயே கொடுக்க வைத்தார். உதவித்தொகை வந்தது. அவ்வளவுதான், அதற்கப்புறம் திங்கட்கிழமை என்றால் அவர் வீட்டு வாசலில் ஆள் நிற்கும். இருபத்துநாலு வருஷம் எழுதினார். ரேஷன் அட்டை, பட்டா, வாரிசுச் சான்றிதழ், தெருவிளக்கு, ஜாதிப் பெயர் போட்ட தெருப்பலகையை மாற்றச் சொல்லி ஒன்று, துப்புரவுப் பணியாளர்களுக்குக் கையுறை கேட்டு ஒன்று. கையுறை மனுவை மட்டும் பதினொரு தடவை எழுதினார். பதினொன்றும் என் மேசைக்குத்தான் வந்தன. இந்த அம்மாளுக்கு வேறு வேலையே கிடையாதா என்று நான் முனகியிருக்கிறேன். பன்னிரண்டாவது மனு வருவதற்குள் கையுறை வாங்கிக் கொடுத்துவிட்டோம்.

அவர் தேர்தலில் நின்றதற்குக் காரணம் ஒரே ஒரு சங்கதி. எங்கள் ஊர்க் குப்பைக் கிடங்கு நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. புதுக் கிடங்கை ஆற்றங்கரைத் தெருவுக்குப் பின்னால் இருக்கிற களத்துமேட்டில் வைக்கப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. களத்துமேட்டிலிருந்து நூறடியில், தாமிரபரணி மணலுக்குள் இறக்கிய உறைகிணறு இருக்கிறது. அந்தத் தெருவும், அதை ஒட்டிய பீடிக் காலனியும், இன்னும் மூன்று வார்டுகளும் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். பெர்சிஸ் கட்சி எதிலும் சேராமல் சுயேச்சையாக நின்றார். வீடு வீடாகப் போய் ஒரே வாக்குறுதிதான் கொடுத்தார்: "நான் உள்ள இருக்க வரைக்கும் களத்துமேட்டுல குப்ப விழாது." நாற்பத்துமூன்று ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நகர்மன்றக் கூட்டத்தில் தீர்மானங்கள் எப்படி நிறைவேறும் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. எழுபது எண்பது பொருள்கள் அச்சடித்த பட்டியலாகப் போகும். போதாததற்கு, கூட்டத்தன்று காலையில் அவசரம் என்று சொல்லி இன்னும் சில பொருள்களை மேசைமேல் வைப்பார்கள். அவற்றுக்கு மேசைப்பொருள் என்று பெயர். எதையும் யாரும் வாசிப்பதில்லை. நான் எழுந்து நின்று எண்களை மட்டும் சொல்வேன், உறுப்பினர்கள் மேசையைத் தட்டுவார்கள், எல்லாம் நிறைவேறிவிடும். அப்புறம் முறுக்கும் டீயும் வரும். பல வருஷம் நடந்த வழக்கம் இது. எனக்கும் சீக்கிரம் வீட்டுக்குப் போனால் சரி.

2022 மார்ச் கடைசியில் முதல் சாதாரணக் கூட்டம். லெந்து காலம், கிறிஸ்தவர்களின் தவக்காலம். பெர்சிஸ் காலை ஐந்தரை மணி ஜெபத்தை முடித்துவிட்டு வந்திருந்தார். அச்சடித்த எழுபத்திரண்டு பொருள்களையும் முந்தின நாளே உட்கார்ந்து படித்து, ஓரத்தில் பென்சிலால் குறிப்பு வேறு எழுதியிருந்தார். மேசைப்பொருள் என்று ஒன்று இருப்பது மட்டும் அவருக்குத் தெரியாது. ஒன்பது பொருள்கள் ஒரு கோப்பில் அவர் முன்னாலேயே மூடிக் கிடந்தன.

நான் எழுந்தேன். என்னிடம் ஒரு ராகம் உண்டு. எத்தனையோ வருஷமாக வாசித்து வாசித்து வந்த இழுவை. "பொருள் எண் ஒன்று முதல் எண்பத்தொன்று வரை, மன்றத்தின் மேலான அனுமதியை வேண்டி... சமர்ப்பிக்கப்படுகிறது" என்று இழுத்து நிறுத்தினேன். மற்றவர்கள் மேசைக்குக் கையைத் தூக்குவதற்கு முன்னால், அந்த அரை நொடி அமைதியில், தலை குனிந்திருந்த பெர்சிஸ் கணீரென்று சொன்னார்:

"ஆமென்."

கோவிலில் நாற்பது வருஷம் சொல்லிப் பழகிய வாய். ஆயர் ஜெபத்தை அந்த இழுவையில் முடித்தால் சொல்லித்தானே ஆகவேண்டும்! மன்றமே குலுங்கிச் சிரித்தது. நானும் சிரித்தேன். பெர்சிஸும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்.

தலைவர் மணிராஜுக்குச் சொந்தமாக அரிசி ஆலை. சிரித்த முகம்; சிரித்துக்கொண்டே காரியத்தை முடிக்கிறவர். "அக்கா ஜெபமே பண்ணிட்டாவ. இதுக்கு மேல என்ன வேணும்? அப்பாத்துரை, வழிமொழிஞ்சது அக்கான்னு எழுதும்வே" என்றார். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். நான் எழுதினேன்.

எழுபத்தேழாவது பொருள் இதுதான்: "புல எண் 318/2-இல் வள மீட்பு மையம் அமைத்தல்." புல எண் 318/2 என்றால் களத்துமேடு. வள மீட்பு மையம் என்றால் குப்பைக் கிடங்கு. மணிராஜுக்குத் தெரியாமல் ஒரு பொருளும் மேசைக்கு வராது. எனக்கும் தெரியும்; தட்டச்சுப் படியைச் சரிபார்த்தவன் நான். ஜெபத்தை எதிர்பார்த்து அவர் திட்டம் போட்டிருக்க முடியாது. கிடைத்ததை விடவில்லை, அவ்வளவுதான்.

பதினெட்டாவது நாள் களத்துமேட்டில் ஜேசிபி இறங்கியது. பெர்சிஸ் ஓடிப்போய் அதன் முன்னால் நின்றார். யாருடைய அனுமதியில் என்று ஓவர்சியரிடம் கேட்டார். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே, "நீங்கதாம்மா வழிமொழிஞ்சிருக்கிய" என்றார்.

நேராக என் மேசைக்கு வந்தார். பதிவேட்டைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அந்த வரியை விரலை வைத்து வாசித்தார். அப்புறம் எழுபத்தேழாவது பொருளையும் முழுக்க வாசித்தார். கொஞ்சம் தண்ணீர் கேட்டார். அந்த டம்ளரை நீட்டும்போது எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

"அக்கா, ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க" என்றேன் மெதுவாக. "பதிவுல பிழைன்னு சொல்லி உங்க பேர அடிச்சிருதேன். தீர்மானம் எப்படியும் நிக்கும். உங்க பேராவது தப்பட்டும்."

"நான் வாயத் தொறந்து சொன்னேன் அண்ணாச்சி. இருபத்தாறு பேரு கேட்டிருக்காவ. இன்னைக்கு நான் சொல்லவே இல்லன்னா, நாளைக்கு நான் சொல்லுறத எவன் நம்புவான்? எம் பேரு தப்பி என்னத்துக்கு? தீர்மானத்த ரத்து பண்ண வழி இருக்கா, அதச் சொல்லுங்க."

வழி இருந்தது. நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை, ஒருத்தரும் கேட்டதுமில்லை. மூன்று மாதத்துக்குள் சிறப்புக் கூட்டம் கூட்டலாம். மொத்த உறுப்பினர்களில் பாதிக்குமேல் கையெழுத்துப் போட வேண்டும். கூட்டத்தில் அத்தனை பேரும் எழுந்து நிற்கவும் வேண்டும். இருபத்தேழில் பதினான்கு. பெர்சிஸுக்குக் கட்சி கிடையாது. கையில் இருந்தது ஒரு கையெழுத்து, அவருடையது.

அது ரம்ஜான் மாதம்; அன்று மாலை அங்குள்ள பெண்கள் நோன்பு திறந்தபின் பீடிக் காலனிக்குப் போனாராம். நான் அவரோடு போகவில்லை. ஜாபேஸ் சொல்லிக் கேட்டது. பெண்கள் எல்லோரையும் பள்ளிக்கூட முற்றத்தில் கூட்டி, நடந்ததை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். தான் எதைச் சொன்னார், எல்லோரும் எப்படிச் சிரித்தார்கள், எது நிறைவேறிப்போயிற்று என்பதை எல்லாம். அப்போது சித்தி ஜனாபா என்ற அம்மாள் எழுந்தார். இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால் உதவித்தொகை வாங்கிய அதே விதவை. தேர்தலில் பெர்சிஸுக்காக வீடு வீடாக நடந்தவர்.

"எங்க எல்லாருக்கும் மனு எழுதுவியே பெர்சிஸு. எழுதி முடிச்சு, வரி வரியா வாசிச்சுக் காட்டுவ. புரிஞ்சுதான்னு கேட்டுட்டுத்தான் எங்க கைநாட்ட வாங்குவ. ஒரு நாளும் தவறுனதில்ல. உங் கைநாட்ட மட்டும் வாசிக்காமப் போட்டுட்டியே, ஏளா?"

ஜாபேஸ் சொன்னார்: "எங்கூட இத்தன வருஷம் இருக்கா அண்ணாச்சி. ஒரே காயிதத்த ராத்திரி பூரா வாசிச்சத அன்னைக்குத்தான் பாத்தேன்."

மறுநாள் காலையில் பெர்சிஸ் செயலில் இறங்கிவிட்டார். சித்தி ஜனாபா சொன்ன சொல்லிலேயே வழியும் கிடைத்துவிட்டது. எழுபத்தேழாவது பொருளை வாசிக்காமல் தட்டியது அவர் மட்டுமா? மணிராஜ் நீங்கலாக இருபத்தாறு பேரும்தான். தீர்மானத்தை நாலு படி எடுத்து ஒரு துணிப்பைக்குள் வைத்துக்கொண்டார். ஊரில் அதற்குள் "ஆமென் கவுன்சிலர்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். டீக்கடையில் அவர் தலை தெரிந்தால் எவனாவது ஒருத்தன் ஆமென் என்பான். இவர் காதில் விழாத மாதிரிப் போகமாட்டார். நின்று, "என்னய்யா, நீங்களும் கேக்கியளா? வாங்க, வாசிச்சுக் காட்டுதேன்" என்று பையைத் திறப்பார். கேலி செய்தவன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்க வேண்டியதாகிவிடும். பத்து நாளில் கேலி குறைந்துபோயிற்று.

கவுன்சிலர் வீடுகளுக்குப் போனால் ஒரே நிபந்தனை: "நான் வாசிக்குதேன். முழுசாக் கேளுங்க. கேட்டுட்டுக் கையெழுத்துப் போடுங்க, போடாட்டாலும் சரி. கேக்காமப் போடாதிய." வாசித்துவிட்டு, தன் மாற்று யோசனையையும் சொல்வார். ஒவ்வொரு வார்டின் மக்கும் குப்பையும் அந்தந்த வார்டிலேயே உரமாகட்டும். தன் வார்டுக் குப்பைக்குத் தன் தெருவிலேயே இடம் தருவதாகவும், எங்கள் குப்பையை அடுத்தவன் தலையில் கொட்டச் சொல்லவில்லை என்றும் விளக்குவார். இரண்டு பேர் என்னிடம் வந்து, "இந்த அம்மாளுக்குக் கோட்டி பிடிச்சிருச்சாவே? சோறு திங்க விடமாட்டேங்கா" என்று புலம்பினார்கள். ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

முகம்மது இப்ராஹிம் பக்கத்து வார்டு கவுன்சிலர். வண்ணார்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கிறார். பெருநாள் வியாபார நெரிசலில் பெர்சிஸ் அங்கே போய் நின்றார். இப்ராஹிம் பாய் ஒரு கையால் புடவையை விரித்துக் காட்டிக்கொண்டே கேட்டார். புல எண் வந்ததும், "அது எங்கன இருக்கு?" என்றார்.

"நம்ம களத்துமேடு பாய். உறைகிணத்துக்கு நூறடி."

புடவை கையிலிருந்து நழுவிற்று. "யா அல்லா! எங்க வார்டுக்கும் அந்தத் தண்ணிதானம்மா! நானும்லா மேசையத் தட்டுனேன்!" கல்லாவில் இருந்த பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். அவரோடு சேர்த்து எட்டு.

பதின்மூன்று வரைக்கும் வந்து நின்றுவிட்டது. கெடு முடிய இருபது நாள் இருந்தது. மீதி இருந்தவர்களில் மணிராஜுக்குப் பயப்படாதவர் ஒருவர்தான், காண்டிராக்டர் சுஜின். அவர் கவுன்சிலர் இல்லை. அவர் மனைவி கரோலின்தான் கவுன்சிலர். கூட்டத்துக்குக் கரோலின் வருவார், உட்காருவார், போவார். பேசுகிறவர், போன் எடுக்கிறவர், காரில் கவுன்சிலர் பலகை மாட்டிக்கொண்டு திரிகிறவர் எல்லாம் சுஜின்தான். ஒரு பில் விவகாரத்தில் அவருக்கும் மணிராஜுக்கும் அப்போது முட்டிக்கொண்டிருந்தது.

பெர்சிஸ் போனதும் சுஜின் கையை நீட்டினார். "குடுங்கக்கா, போட்டுத் தாரேன்."

"உங்க கையெழுத்து எனக்கு வேண்டாம் தம்பி. கரோலின் எங்க?"

"அவளுக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதுக்கா."

"தெரியாததுனாலதான் வாசிச்சுக் காட்ட வந்திருக்கேன்."

நேரே அடுக்களைக்குள் போனார். கரோலின் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். பெர்சிஸ் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். நடுவில் கரோலின் துருவுவதை நிறுத்திவிட்டார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். "அந்தக் கிணத்துத் தண்ணி எங்க தெருவுக்கும் வருமாக்கா?" வரும் என்றதும் கையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பதினான்கு.

சிறப்புக் கூட்டத்துக்கு முந்தின நாள் மணிராஜ் பெர்சிஸைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். நான் கோப்போடு அங்கே நின்றேன். "அக்கா, உங்க வார்டு பூராவும் சிமெண்டு ரோடு. கிணத்துக்கு பில்டரும் போட்டுத் தாரேன். கூட்டத்த மட்டும் விட்டுருங்க. நாளைக்குப் பதிவேட்ட வாசிச்சா உங்களுக்குத்தான அசிங்கம்?"

"வாசிக்கட்டும் அண்ணாச்சி. நான்தான் முதல்ல வாசிக்கச் சொல்லப் போறேன்" என்று எழுந்துவிட்டார். வெளியே வந்ததும் பையைத் திறந்து, தீர்மானப் படி இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தார். அந்த அம்மாளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. பயத்தோடேயே நடந்து போய்க்கொண்டிருந்தார்.

மறுநாள் பார்வையாளர் வரிசையில் பீடிக் காலனிப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் சுஜினும் இருந்தார். முந்தின நாளே அவருடைய பில் பாஸாகிவிட்டது என்பது எங்கள் அலுவலகம் முழுக்கத் தெரியும். பெர்சிஸுக்கும் தெரியும்.

"அண்ணாச்சி, பழைய தீர்மானத்த முழுசா வாசிங்க. எம் பேரோட சேத்து" என்றார் பெர்சிஸ். நான் ராகம் போடாமல் வாசித்தேன். அவர் பெயர் வந்தபோது இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவர் காத்திருந்தார். சிரிப்பு அடங்கியதும் சொன்னார்: "என்னன்னு தெரியாமச் சொன்னேன். அது எந் தப்பு. தப்புன்னு தெரிஞ்ச பொறவும் பேசாம இருந்தா அது பாவம். ரத்து பண்ணணும்னு கேக்குதேன். சம்மதம் உள்ளவங்க எந்திரிச்சு நில்லுங்க."

நாற்காலிகள் நகர்ந்தன. இப்ராஹிம் பாய் முதலில் எழுந்தார். ஆணையாளர் விரலால் எண்ணினார். பெர்சிஸோடு சேர்த்துப் பதின்மூன்று.

கரோலின் உட்கார்ந்திருந்தார். பார்வையாளர் வரிசையிலிருந்து சுஜின் தொண்டையைக் கனைத்தார். கரோலின் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெர்சிஸ் அவர் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் அதுவும் ஒரு கட்டாயமாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. மணிராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, பதிமூணுன்னு எழுதும்வே" என்றார் என்னிடம். எனக்குக் கை ஓடவில்லை. பேனா மூடியைத் திருகித் திருகி நேரத்தைக் கடத்தினேன். என் உத்தியோகத்தில் நான் செய்த ஒரே கலகம் அதுதான்.

கரோலின் எழுந்து நின்றார்.

மணிராஜ் சிரித்த முகத்தோடேயே கேட்டார். "என்னம்மா கரோலின், வீட்டுக்காரர் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னாவ. எந்திரிக்காதன்னு சொன்னாவ." மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "அக்கா எனக்கு வாசிச்சுக் காட்டுனாவ. எனக்குப் புரிஞ்சிட்டு. அங்கன குப்பையக் கொட்டுனா எம் பிள்ளைங்க அதத்தான் குடிக்கணும். நான் உக்கார மாட்டேன்."

ஆணையாளர் பதினான்கு என்றார். பின்வரிசையில் சித்தி ஜனாபா அழுகிற சத்தம் கேட்டது. பெர்சிஸ் நின்ற இடத்திலேயே நின்றார். கன்னத்தில் கண்ணீர் வடிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. நான் பதிவேட்டைத் திறந்து எழுதினேன். முப்பத்தொரு வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் தீர்மானம் எழுதியிருக்கிறேன். ஒரு கவுன்சிலர் தீர்மானம் புரிந்தது என்று சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான்.